பிராட்பேண்ட்காரர்களுக்கு ஒரு எழுத்துத் தேர்வு

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு சர்வர் இருந்துதாம். அதுக்கு மாடியில தனி ரூமு, தனி ஃபேன், தனி யூபிஎஸ். ராஜா மாதிரி இருந்துதாம். ஒரு நாள் அந்த ராஜா இருக்கிற கோட்டைக்கு வர்ற ஒரே பாதையையும் வெட்டிப் போட்டுட்டாங்களாம். ராஜா உள்ளே நல்லாத்தான் இருக்காரு, யாரும் வந்து பார்க்க முடியலை. அவ்வளவுதான் கதை. சிரிக்காதீங்க. உங்க கம்பெனி ஆளுங்களுக்குக் குழந்தைக்குச் சோறூட்டற மாதிரி இப்படிச் சொன்னாத்தான் கொஞ்சமாவது ஏறுதுன்னு இந்த நாற்பது நாள்ல கத்துக்கிட்டேன்.

உக்காருங்க. பதினொரு மணிக்கு ஆள் வரும்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. மணி பதினொண்ணு அஞ்சு. அந்த ஒரு விஷயத்துல மத்த மூணு பேரையும் விட நீங்க தேவலை. கழுத்துல கார்டெல்லாம் மாட்டிட்டுத்தான் வந்திருக்கீங்க. கார்டு திரும்பிக் கிடக்குது. சரி, அதைக்கூட நேரா மாட்டத் தெரியாதவர் கம்பியை நேரா மாட்டுவாரான்னு நான் கேட்கலை.

இந்தாங்க, பரீட்சை அட்டை. பேனா அதுலயே சொருகியிருக்குது. அஞ்சு கேள்வி, கேள்விக்கு இருபது மார்க்கு, நாற்பது வாங்கினா பாஸ். கேள்வி இங்கிலீஷ்ல இருக்குது, பதில் எதுல வேணாலும் எழுதலாம், அந்த அளவுக்கு நான் நல்லவ. இருங்க, இருங்க. பேச ஆரம்பிக்காதீங்க. நீங்க எல்லாரும் வாயைத் திறந்தா, மேடம் இப்ப ஒரு ஆஃபர் போயிட்டிருக்குது, ஆறு மாசம் கட்டினா ஒரு மாசம் சும்மான்னு ஆரம்பிச்சுடறீங்க. எனக்கு ஆஃபர் வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டே எழுதுங்க. எங்கம்மா உள்ளே டீ போட்டுட்டிருக்காங்க, வரும்.

எங்கம்மா இதுக்கும் ஒரு கிண்டல் வெச்சிருக்காங்க. உன்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்களையெல்லாம் இப்படி ஒரு கேள்வி கேட்டியா நீ, ஒயர் மாட்ட வர்றவனை இந்தப் பாடு படுத்தறயேன்னு. பொண்ணு பார்க்க வந்தவங்க ஒரு தட்டு பஜ்ஜி தின்னுட்டுப் போயிட்டாங்க, அதோட முடிஞ்சுது. இவங்க நம்ம வீட்டுச் சுவத்துல ஓட்டை போட்டுட்டுப் போறாங்க. எதை விசாரிச்சு உள்ளே விடணும், நீங்களே சொல்லுங்க. இல்லை, சொல்ல வேண்டாம், எழுதுங்க.

விஷயம் இதுதான். எனக்கு வீட்டுக்கு நெட் வேணும். சினிமா பார்க்க இல்லை. என் வேலைக்கும் இல்லை. நான் பெங்களூர்க் கம்பெனி ஒண்ணுக்கு இங்க கோபியில உக்காந்துக்கிட்டே சர்வர் பார்க்கிற வேலை செய்யறேன், அதுக்கு போன் நெட்டே போதும். நெட் வேண்டியது மாடியில இருக்கிற அந்த சர்வருக்கு. அது விண்டோஸ்ல இல்லை, லினக்ஸ்ல ஓடுது. லினக்ஸ்னா என்னன்னு என்னைக் கேட்டுடாதீங்க. மூணாவது கேள்வியே அதுதான்.

அதுக்குள்ள என்ன இருக்குதுன்னா, என் குரல் இருக்குது. எனக்கு ருக்குமணின்னு ஒரு சிநேகிதி. ஈரோட்டுல காலேஜ்ல ஒண்ணாப் படிச்சோம். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. காலேஜ்ல பாடம் வாசிச்சுக் காட்டச் சொல்லி ஒவ்வொருத்தி ரூமு வாசல்லயும் போய் நிப்பா. இன்னைக்கு நேரமில்லை ருக்கு, நாளைக்குப் பார்க்கலாம் ருக்கும்பாங்க. அவ சரின்னுட்டு வந்துடுவா. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும். ஒரு நாள் அவகிட்ட சொன்னேன், இனிமே நீ யார் வாசல்லயும் நிக்காத மாதிரி நான் ஒண்ணு பண்ணித் தர்றேன்னு.

சொன்னபடி பண்ணினேன். புத்தகத்தை நான் வாசிச்சுப் பதிவு பண்ணி மாடியில போட்டுடுவேன். காலையில அவ போன் தானா இங்க வந்து கதவைத் தட்டும், புதுசா என்ன பாடம் இருக்குதோ எடுத்துட்டுப் போயிடும். அவ பல்லு விளக்கும்போது பாடம் காதுல ஓடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. எனக்குக்கூட. ஆறு வருசம் ஒரு நாள் நின்னதில்லை.

போன வருசம் அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. காங்கேயம் பக்கம். நான் போகலை, அன்னைக்குன்னு பார்த்து மாடியில டிஸ்க் போயிடுச்சு, ஓட்டம் நிக்காம மாத்த வேண்டியிருந்துது. மாப்பிள்ளை அரிசி மில்லுல வேலைன்னா. என்ன படிச்சிருக்காருன்னு கேட்டேன். எட்டாவதுன்னா. ஏண்டி, பாடம் வாசிச்சுக் காட்டறதுக்குக்கூட ஆகாத ஆளாப் பார்த்தியேன்னேன். அவ சிரிச்சா. அவ எதுக்கும் சிரிப்பா. நீங்க எழுதுங்க, என் மூஞ்சியைப் பார்க்காதீங்க.

இப்ப அவ ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதறா. ரெண்டு தடவை எழுதியாச்சு. ஒரு தடவை மூணு மார்க்குல போச்சு, ஒரு தடவை ஒரே ஒரு மார்க்கு. இதுக்கு மேல எழுதறதில்லை, இதுதான் கடைசின்னுட்டா. தேர்வு இந்த ஞாயித்துக்கிழமை. இன்னைக்கு வியாழன். இந்த நேரம் பார்த்துத்தான் பழைய கம்பெனிக்காரங்க, இனி இந்தத் தெருவுக்குக் கம்பி கிடையாதுன்னு ஒரு மெசேஜ் அனுப்பிட்டு மூட்டையைக் கட்டிட்டாங்க. அது ஆச்சு நாற்பது நாள். நான் வாசிக்கிறதை நிறுத்தலை. முப்பத்தெட்டுப் பாடம் வாசிச்சு மாடியில அடுக்கி வெச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போகப் பாதை இல்லை.

வாட்சப்புல அனுப்பலாமேன்னு எங்கம்மா கேட்டாங்க. அம்மா கேட்கலாம், அவங்களுக்குத் தெரியாது. ஆறு வருசமா முறைன்னு ஒண்ணு வெச்சு நடத்தியிருக்கேன். இப்பப் போய்க் கிள்ளிக் கிள்ளி அனுப்பறதா? இல்லாட்டி கிளவுடுன்னு எவனோ ஒருத்தன் பரண்ல கொண்டு போய் வெச்சுட்டு, அவன்கிட்டப் போய் வாங்கிக்கோடின்னு சொல்றதா? அப்புறம் எனக்கும், நாளைக்குப் பார்க்கலாம் ருக்குன்னு சொன்னவங்களுக்கும் என்ன வித்தியாசம்?

முதல்ல வந்தவரு டை கட்டியிருந்தாரு. பங்குனி வெயில்ல டை. உள்ளே வந்து சுத்திமுத்திப் பார்த்துட்டு, வீட்ல சார் இல்லீங்களா மேடம்னாரு. சார் இல்லை, நான் இருக்கேன், அம்மா இருக்காங்க, சர்வர் இருக்குதுன்னேன். எந்த ஓட்டல்லங்கன்னாரு. நான் பொறுத்துக்கிட்டேன். பேப்பரைக் கொடுத்தேன். பேரு எழுதினாரு, தேதி எழுதினாரு, பத்தாங்கிளாஸ் பரீட்சை நம்பர் எழுதற மாதிரி அவங்க ஆபீஸ் நம்பர் எழுதினாரு. கீழே அஞ்சு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில், எல்லாம் முடியும் மேடம்னு. மார்க்கு பூஜ்யம். ஆனாலும் நாள் போகுதேன்னு மாட்டச் சொன்னேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன்.

மாட்டினாங்க. மாட்டின பிறகு சொல்றாங்க, நெட் வரணும்னா அவங்க கொடுக்கிற ஒரு சாஃப்ட்வேர்ல பேரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே நுழையணுமாம். அது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுமாம். டைக்காரரு மாடிக்கு வந்து ஸ்கிரீனைப் பார்த்தாரு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. முகம் அப்படியே மாறிப் போச்சு. துக்கம் விசாரிக்கிற குரல்ல, மேடம் இதுல வைரஸ் அடிச்சிருக்குதுங்கன்னாரு. சொல்லிட்டுப் பையில இருந்து ஒரு சிடியை எடுக்கறாரு. எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் போட்டுத் தந்துடறேன், அரை மணி நேரம், உங்களுக்காகச் சும்மாவேங்கறாரு. ஆறு வருசக் குரல் அதுக்குள்ள. நான் குறுக்கே போய் நின்னுட்டேன். அந்தாளை மாடிப்படி இறக்கினது எப்படின்னு எங்கம்மாவைக் கேளுங்க. மூணாம் வீட்டுக்காரங்க வந்து என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போனாங்க.

ரெண்டாவது கம்பெனி. அவங்க ஆள் கொஞ்சம் விவரமான ஆளு மாதிரித் தெரிஞ்சுது, பேப்பரை வாங்கிட்டு டாய்லெட் போகணும்னாரு. போய்ட்டு வந்து எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினாரு. போன்ல பார்த்துட்டு வந்து எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? கையெழுத்தே சொல்லுது. இருந்தாலும் முப்பத்தஞ்சு போட்டேன். அஞ்சு மார்க்கு கருணை சேர்த்துப் பாஸாக்கினேன்.

முதல் கேள்விதான் முக்கியமான கேள்வி, நீங்களும் அதை நல்லாப் படிச்சுட்டு எழுதுங்க. நெட்ல என் வீட்டுக்குன்னு தனியா, மாறாத முகவரி ஒண்ணு வேணும். வெளியிலிருந்து தேடி வர்றவங்களுக்கு. அவரு, தர்றோம் மேடம், மாறவே மாறாதுன்னாரு. தந்தாங்க. மாறவே இல்லை. ஆனா வெளியிலிருந்து ஒரு ஈ உள்ளே வர முடியலை. ஏன்னு தோண்டினாத்தான் தெரியுது. அவங்க நெட்டு ஒரு பெரிய காம்பவுண்டு மாதிரி. உள்ளே நானூறு வீடு. எல்லாத்துக்கும் சேர்த்து ரோட்டுப் பக்கம் ஒரே கேட்டு, ஒரே கதவு நம்பர். உள்ளேயிருந்து நாம கடுதாசி போடலாம், பதிலும் வரும். ஆனா வெளியூர்லயிருந்து ஒருத்தி நம்மளைத் தேடி வந்தா, வாட்ச்மேன் எந்த வீடுன்னே தெரியாம கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவான். காம்பவுண்டுக்குள்ள என் வீட்டு நம்பர் மாறாதுதான். மாறாம என்ன புண்ணியம்?

போன் போட்டுக் கேட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. மேடம், மோடத்தை அணைச்சுட்டுப் போடுங்கன்னுச்சு. போட்டேன். மறுபடி கூப்பிட்டேன், வேற பொண்ணு. அதுவும் அணைச்சுட்டுப் போடுங்கன்னுச்சு. பத்தொம்பது தடவை கூப்பிட்டிருக்கேன், தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். கடைசியா ஒருத்தன், மேடம் உங்க கம்ப்யூட்டர்ல லினக்ஸ் இருக்கிறதுதான் பிரச்சினை, எங்க நெட் லினக்ஸுக்குச் சேராதுன்னான். சேராதாம். மோரும் மீனுமா? ஏந் தம்பி, உங்க கம்பெனி மோடத்துக்குள்ள ஓடறதே லினக்ஸ்தான்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். போனை வெச்சுட்டான். 

மூணாவது ஒருத்தர் இருக்காரு. கேட்டா நீங்களே சிரிப்பீங்க. எங்க தெருக் கேபிள்காரரு, சென்னியப்பன். எங்கம்மாவுக்கு சீரியல் வர்றது அவரு புண்ணியத்துல. இப்ப அவரும் நெட் கொடுக்கறாராம். நான் கூப்பிடலை, அம்மா கூப்பிட்டுட்டாங்க. மடிச்சுக் கட்டின லுங்கி, தோள்ல ஏணி, காதுக்கு மேல ஒரு டெஸ்டர் ஸ்குரூடிரைவர். ஏணியைத் தூக்கிட்டே சர்வர் ரூமுக்கு வரப் பார்த்தாரு. கீழேயே நிறுத்திப் பேப்பரைக் கொடுத்தேன். அவரு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. ஒரு எழுத்து எழுதலை.

சரி, வாய்மொழியாவது கேட்போம்னு, லினக்ஸ் தெரியுமாங்கன்னு கேட்டேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? "அது பாட்டுக்கு ஓடிட்டுக் கிடக்குதுங்க அம்மிணி, நான் அதைத் தொட்டே வருசமாச்சு." இதான் பதில். சைக்கிள் தெரியுமான்னு கேட்டா எங்கூட்டுத் திண்ணையில சாத்தி வெச்சிருக்குதுன்னு சொல்ற மாதிரி. தனி முகவரி தருவீங்களான்னேன். அதுக்கென்னங்க, எங்கிட்ட எட்டு சும்மா கிடக்குது, ஒண்ணு உங்களுக்குன்னு வெச்சுடறேன்னாரு. என்னமோ தோட்டத்துல தேங்கா கிடக்குதுங்கற மாதிரி. பெரிய பெரிய கம்பெனியே காம்பவுண்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கான், இவர்கிட்ட எட்டு கிடக்குதாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கலை. சிரிச்சேன். 

அவருக்குக் கோபம் வரலை. ஒரு வாட்டி நம்ம ரூமுக்கு வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க அம்மிணி, முக்குலதான் இருக்குதுன்னாரு. கேபிள் ரூம்ல எனக்கென்ன வேலை? டிவிப் பெட்டியும் எலிப் புழுக்கையும் பார்க்கவா? வேண்டாங்கன்னு அனுப்பிச்சுட்டேன். அம்மா ரெண்டு நாள் என்னோட பேசலை. ஒரு மனுசனைப் பார்த்த பார்வையில எடை போடறதுல தப்பில்லைங்க. லினக்ஸ் தெரிஞ்சவன் மூஞ்சியில அது தெரியும். என்னைப் பார்த்து வீட்ல சார் இல்லீங்களான்னு கேட்டானே டைக்காரன், அவனுக்குத்தான் ஆளைப் பார்க்கத் தெரியலை. எனக்குத் தெரியும்.

ருக்குமணியா? கூப்பிட்டுட்டுத்தான் இருந்தா. முதல் வாரம் எடுத்தேன். இன்னும் ரெண்டு நாள்ல வந்துடும்டின்னேன். அப்புறம் எடுக்கலை. எடுத்து என்னன்னு சொல்ல? நான் ஒண்ணை முடியாதுன்னு அவகிட்ட சொன்னதே கிடையாது. கனெக்‌ஷன் வந்ததும் நானே கூப்பிடறேன்னு ஒரு மெசேஜ் போட்டேன். அதுக்குப் பதிலாக் குரல் அனுப்பியிருந்தா, பாடம் கிடக்கட்டும் கோதை, நீ ஒரு தடவை பேசுன்னு. அவளுக்கென்ன, சொல்லிடுவா. முந்தாநேத்து நாலு தடவை அடிச்சா. நேத்து அடிக்கவே இல்லை. படிக்கிறாளா இருக்கும்.

அதனாலதான் உங்களைக் கூப்பிட்டது. நாலாவது. எழுதிட்டீங்களா? போதும், கொடுங்க இப்படி. அட, நேரம் முடியலை, இருந்தாலும் கொடுங்க. என்னங்க இது. ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. மேலே ரெண்டு வரி மட்டும். தமிழ்ல. குண்டு குண்டாத்தான் எழுதறீங்க, பரவாயில்லை. 'நான் கம்பெனி ஆள் இல்லைங்க. ருக்குமணி வீட்டுக்காரன் நாச்சிமுத்து. பாடம் வாங்கிட்டுப் போக வந்தேன்.'

கார்டைத் திருப்புங்க. அரிசி மில்லுதான்.

இதை மொதல்லயே வாயைத் திறந்து சொல்றதுக்கென்னங்க? நான் பேச விடலையா? நடுவுல ஒரு வார்த்தை குறுக்கே புகுந்து சொல்லியிருக்கலாமில்ல? காங்கேயத்துலயிருந்து ரெண்டு பஸ் ஏறி வந்த மனுசன், அட்டையைக் கொடுத்தா வாங்கிக்கிட்டுப் பேசாம உக்காந்திருந்தா நான் என்னன்னு நினைக்கிறது? அந்த எட்டாவது விஷயம்... அது ருக்கு சொன்னதைத்தான் நான் சொன்னேன். வாசிச்சுக் காட்டக்கூட ஆகாத ஆளுன்னேனே, அதுவும் அவகிட்ட அன்னைக்கே சொன்னதுதான், புதுசில்லை. அம்மா, டீயோட முறுக்கும் எடுத்துட்டு வாங்க, ருக்குமணி வீட்டு அண்ணன் வந்திருக்காங்க.

கையில என்ன அது? பென்டிரைவா? கொடுங்க. இதுல ஏத்திட்டு வரச் சொல்லி அனுப்பிச்சாளா? இதைத்தான் நாலு தடவை கூப்பிட்டுச் சொல்லப் பார்த்தாளா? பென்டிரைவ்ல கொடுக்கறதா இருந்தா நான் எதுக்கண்ணா சர்வர் வெச்சிருக்கேன்? ஜெராக்ஸ் கடைக்காரன் கொடுக்க மாட்டானா? சரி, வந்துட்டீங்க. மேல வாங்க. தலையைப் பார்த்து, நிலை தாழ்வு.

இதுதான். கறுப்புத் திரை. வைரஸ் இல்லை. முப்பத்தெட்டுப் பாடம், எட்டு நிமிசம் ஆகும்னு காட்டுது. ஆமா, எட்டு நிமிசம்தான். அப்படிப் பார்க்காதீங்க. எட்டு நிமிச வேலைக்கா நாற்பது நாள்னு நீங்க கேட்கலை, உங்க முகம் கேட்குது. நான் எட்டு நிமிசத்துக்காக அலையலை, முறைன்னு ஒண்ணு இருக்குதே, அதுக்காக அலைஞ்சேன். அது சொன்னாப் புரியாது.

என்ன சொல்றீங்க? முப்பத்தெட்டும் வேண்டாமா? பதினொண்ணு போதுமா? ஏன், மீதி என்ன ஆச்சு? 

நீங்க வாசிச்சீங்களா?

மில்லுல இருந்து வந்து தினமும் ரெண்டு மணி நேரமா? எழுத்துக் கூட்டியா? தப்பா வாசிச்சா அவ திருத்துவாளா. அவளுக்குத்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியாதே, எதை வெச்சுத் திருத்துவா? ஓ, அர்த்தத்தை வெச்சு. இங்கிலீஷ் வார்த்தை நிறைய வர்ற உளவியல் பாடம் பதினொண்ணு மட்டும் உங்களால ஆகலை, அதுக்குத்தான் வந்தீங்க. சரி. இருபத்தேழு பாடத்தை நீங்க வாசிச்சிருக்கீங்க. நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தினீங்களா? நான் கமா வந்தா ஒரு மூச்சு, புள்ளி வந்தா ரெண்டு மூச்சு விட்டு வாசிப்பேன். ஆறு வருசப் பழக்கம் அவளுக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க அண்ணா, ஒரு தடவை கேட்டுட்டாள்னா நல்லாத் தங்கும். நேரமில்லையா. ஒன்றரை வேகத்துல ஓட்டச் சொல்லுங்க. அப்பவும் பத்தாதா. ஆமா, மூணு நாள்தான். பதினொண்ணையே நாளைக்குள்ள கேட்டு முடிச்சாத்தான் சனிக்கிழமை அசை போட முடியும். சரி, பதினொண்ணு. ரெண்டு நிமிசம்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டீங்களா? யாரு, சென்னியப்பனா? முக்குல விசாரிச்சீங்களா, அவரே கூட நடந்து வந்து கேட்டைக் காட்டிட்டுப் போனாரா. போயிட்டாரா, உள்ளே வரலையா. ஏன் வரலையாம்? அம்மிணிக்கு என்னைக் கண்டா ஆகாதுன்னாரா. நான் அப்படி ஒண்ணும் சொல்லலை.

என்ன கம்பி? எந்தக் கம்பம்? அந்த ஜன்னலைத் திறங்க. ஆமா, ஏதோ ஒரு சுருள் தொங்குது. நம்ம வீட்டுக்குன்னு அவரு இழுத்து வெச்சதா? அன்னைக்கேவா? தனி முகவரியும் எடுத்து வெச்சு, ஒரு சீட்டுல என் பேரை எழுதி ஒட்டி வெச்சிருக்காராம். ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு நிமிசம்னு உங்ககிட்ட சொன்னாராக்கும். எல்லாக் கம்பெனிக்காரனும் அஞ்சு நிமிசம்னுதான் சொல்றான். நீங்க அவரு ரூமுக்குள்ள போய்ப் பார்த்தீங்களா? பதினோரு மிஷினா. டிவிப் பெட்டியா இருக்கும். இல்லையா? எல்லாத்துலயும் இதே மாதிரி கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தா? 

ஒட்டியிருந்த படம் என்ன படம்? வெள்ளை வயித்துக் குருவி. அது குருவி இல்லை, பென்குயின், லினக்ஸோட சின்னம். ஸ்டிக்கர் யாரு வேணாலும் வாங்கி ஒட்டலாம் அண்ணா. என் பேப்பரைக்கூடச் சுவத்துல ஒட்டியிருக்காரா? எதுக்கு? யாரோ தெரிஞ்ச பையனை விட்டுத் தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டு, அஞ்சுக்கும் பதில் எழுதி வெச்சிருக்காராமா. கொண்டு வந்து கொடுத்திருக்கலாமில்ல. நான் மறுபடி சிரிப்பேன்னு... அவரே சொன்னாரா? 

முடிஞ்சுது. இருங்க, படக்குன்னு பிடுங்கக் கூடாது, நான் கழட்டித் தர்றேன். இந்தாங்க. ஈரம் படாமப் பையில வைங்க. அவகிட்ட சொல்லுங்க, ஏழாவதுல ஒரு இடத்துல எனக்குத் தும்மல் வந்துடுச்சு, அதை வெட்ட மறந்துட்டேன். கோபமா இருக்காளா? இல்லையா. வேற என்ன சொன்னா? சொல்லுங்க, பரவாயில்லை.

ஓ. ஞாயித்துக்கிழமையோட இனி பாடம் வேண்டியதில்லைன்னாளா. பாஸானாலும் ஃபெயிலானாலும் இதுக்கு மேல எழுதற தேர்வு இல்லைல்ல. மிஷினைச் சும்மா ஓட்டி நீ சிரமப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாளா. அதை நான்... இல்லை, இது அவளுக்காக மட்டும் ஓடறதுன்னு யாரு சொன்னா? எத்தனையோ வேலை இருக்குது இதுக்கு. சர்வர்னா ஒரு ஆளுக்காகவா வெப்பாங்க? நான் யோசிச்சு வெச்சிருக்கேன். நிறைய யோசிச்சு வெச்சிருக்கேன். அதுக்குத்தானே நாலாவது கம்பெனியை வரச் சொன்னது. அவன் இன்னும் வரலை பாருங்க. மணி பன்னிரண்டாகப் போகுது. இவங்க லட்சணம் இதான்.

டீ ஆறிப் போச்சு, வேற போடச் சொல்றேன். வேண்டாமா. பன்னிரண்டரை பஸ்ஸை விட்டா மூணு மணிக்குத்தானா? அப்பக் கிளம்புங்க, அவ காத்துட்டிருப்பா. படியைப் பார்த்து. செருப்பு அந்தப் பக்கம். அண்ணா, ஞாயித்துக்கிழமை எந்த ஊர்ல சென்டர்? ஈரோடா. நீங்க கூடப் போவீங்கல்ல. போங்க, சரி.

அண்ணா, ஒரு நிமிசம். முக்கைத் தாண்டித்தானே போகணும்? சென்னியப்பன் ரூமுல இருந்தாருன்னா... நான் கேட்கச் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். நீங்களா கேட்கற மாதிரிக் கேளுங்க. அந்தப் பதினோரு மிஷின்ல ஓடறது எந்த லினக்ஸ்னு. லினக்ஸ்ல நிறைய வகை இருக்குது, சும்மா பென்குயின் ஒட்டினா ஆச்சா? பேரை மட்டும் கேளுங்க. சரியாச் சொன்னாருன்னா, அந்தக் கம்பியை... அண்ணா? கேட்குதுங்களா? 

கையை ஆட்டறாரு. சரின்னு ஆட்டறாரா, போயிட்டு வர்றேன்னு ஆட்டறாரா. நாச்சிமுத்தண்ணா! அவரு நடக்கற வேகத்தைப் பாரு, பஸ்ஸு இப்பவே வந்துட்ட மாதிரி. பையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டே போறாரு. சென்னியப்பன் ரூமு வந்துடுச்சு. திரும்பிப் பார்க்கறாரா... இல்லை. தாண்டிட்டாரு.